உயரம் தெரியாத உச்சி: பிதுருதலாகலையின் கல்லும் காற்றும் காடும்

நுவரெலியா பஸ் நிலையத்தில் இறங்கி, இலங்கையின் மிக உயர்ந்த மலை எங்கே என்று கேட்டால், கேட்கப்பட்டவர் வடக்குப் பக்கம் கையை நீட்டுவார். அங்கே தெரிவது காடு போர்த்திய நீண்டதொரு முதுகு. அதன்மேல் குச்சி நட்டாற்போல அலைபரப்புக் கோபுரங்கள். கூரிய சிகரம் இல்லை. செங்குத்தான பாறை முகம் இல்லை. ‘இதுதானா?’ என்று கேட்கத் தோன்றும். இதுதான். பிதுருதலாகலை, 2,524 மீட்டர்.

குறை மலையிடம் இல்லை, நாம் நிற்கும் இடத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. கொழும்பிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டு வந்த பஸ், மலையின் உயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை நமக்காக ஏறி முடித்துவிட்டது. மிச்சமிருக்கும் 656 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மாடியில் நின்றுகொண்டு மொட்டைமாடியை அண்ணாந்து பார்ப்பவனுக்கு வீட்டின் உயரம் எப்படித் தெரியும்?

இந்தக் கண்மயக்கத்துக்கு வரலாறும் உண்டு. தீவின் உயர்ந்த மலை சிவனொளிபாத மலைதான் என்று கடலோடிகளும் பயணிகளும் நெடுங்காலம் நம்பினார்கள். அதன் உயரம் 2,243 மீட்டர். பிதுருதலாகலையைவிட 281 மீட்டர் குறைவு. உயரத்தில் தீவின் முதல் மூன்று இடங்களுக்குள்கூட அது வராது. பிதுருதலாகலைக்கு அடுத்து ஹோர்ட்டன் சமவெளியை ஒட்டிய கிரிகல்பொத்த, தொட்டுபொல ஆகிய மலைகள் நிற்கின்றன. ஆனால் சிவனொளிபாதம் மலைநாட்டின் மேற்கு விளிம்பில், தாழ்நிலத்தைப் பார்த்தபடி, தனிக் கூம்பாக எழுகிறது. வானம் தெளிந்த நாளில் கடலிலிருந்தே தெரியும். 1344-இல் வந்த இப்னு பத்தூதா, கரை சேருமுன் பல நாள் தூரத்திலேயே அது புகைத்தூண்போல வானில் தெரிந்ததாக எழுதிவைத்தார். புத்தரின் பாதம், சிவனின் பாதம், ஆதாமின் பாதம் என்று மூன்று சமயத்தாரும் உரிமை கொண்டாடிய மலை அது. பிதுருதலாகலைக்கு அப்படி ஒரு பாதமும் கிடைக்கவில்லை. அதற்குப் பெயர்கூட வைக்கோலால்தான் வந்தது.

சிங்களத்தில் ‘பிதுரு’ என்றால் வைக்கோல் அல்லது காய்ந்த புல். ‘தல’ என்பது தட்டு நிலம். ‘கல’ என்பது பாறை. புல்வெளித் தட்டின் பாறை என்று பொருள் கொள்ளலாம். ஆங்கிலேயர் நாவுக்கு இது நீளம், ஆகவே ‘பெட்ரோ’ என்று வெட்டிக்கொண்டார்கள். அடிவாரத்துப் பெட்ரோ தேயிலைத் தோட்டத்தின் பெயரில் அந்த வெட்டு இன்னும் இருக்கிறது. தமிழில் எழுதும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுத்துக்கூட்டுகிறோம். பாடநூல் ஒன்று சொல்லும், பத்திரிகை இன்னொன்று சொல்லும். நாட்டின் உச்சிக்கு நம் மொழியில் ஒரு நிலையான எழுத்துக்கூட்டல்கூட அமையவில்லை என்பதே அது எவ்வளவு பேசப்படாத மலை என்பதற்குச் சான்று.

ஆனால் கல்லையும் காற்றையும் நீரையும் கேட்டால் அவை வேறு கதை சொல்லும். இலங்கையில் எங்கே மழை பெய்யும், எந்த மாதத்தில் எந்தத் தேயிலை மணக்கும், மட்டக்களப்பில் ஆடி மாதத்துக் காற்று ஏன் சுடும் என்ற கேள்விகளெல்லாம் இந்த மலைத்திரளில் வந்து முட்டுகின்றன.

முதலில் கல். பிதுருதலாகலை எரிமலை இல்லை. இமயம்போல இரண்டு நிலத்தட்டுகள் மோதி அண்மையில் மடிந்தெழுந்த மலையும் இல்லை. இமயம் எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகள் அளவில் ஆகின்றன. இங்குள்ள பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியதோ ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இலங்கை, தென்னிந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதனால்தான் நுவரெலியாவின் கல்லும் தென் தமிழகத்து மலைகளின் கல்லும் ஒரே குடும்பம். இங்கே பரவலாகக் கிடைக்கும் சார்னோகைட் என்ற பாறையின் பெயரிலேயே ஒரு சென்னைக் கதை இருக்கிறது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்புக்கு அடித்தளமிட்ட ஜாப் சார்னக்கின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து ஒரு கல் போயிருந்தது. 1890-களில் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, சார்னக்கின் பெயரையே அந்த வகைப் பாறைக்குச் சூட்டினார். சென்னைப் பரங்கிமலைக் கல்லும் பிதுருதலாகலைக் கல்லும் உறவு முறையில் பங்காளிகள்.

மலையின் உருவத்துக்குக் காரணம் படிக்கட்டு. 1929-இல் கனடிய புவியியலாளர் பிராங்க் டாசன் ஆடம்ஸ், இலங்கை நிலம் மூன்று தட்டுகளாக அமைந்திருக்கிறது என்று விளக்கினார். கடலோரத்திலிருந்து பரவும் தாழ்நிலம் முதல் தட்டு. அதற்கு மேல் சில நூறு மீட்டர் உயரத்தில் இரண்டாவது. நடுவே ஆயிரத்தைந்நூறு, ஆயிரத்தெண்ணூறு மீட்டருக்கு மேல் மூன்றாவது. ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு நிலம் சரேலென்று உயர்கிறது. அருவிகள் மலைநாட்டில் இவ்வளவு இருப்பது இதனால்தான். இந்தப் படிகள் எப்படி உண்டாயின என்பதில் புவியியலாளர்கள் ஒத்துப்போகவில்லை. அரித்து மட்டமான நிலம் கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டது என்பது ஒரு தரப்பு. பாறையின் வன்மை, மென்மைக்கு ஏற்ப அரிப்பு வேறுபட்டதே காரணம் என்பது இன்னொன்று. எதுவாயினும், பிதுருதலாகலை என்பது மூன்றாவது படியின் மேல் எஞ்சி நிற்கும் ஒரு திண்டு. கோடிக்கணக்கான ஆண்டு மழையும் வெயிலும் தேய்த்தும் தேயாமல் மிஞ்சியது. அதனால்தான் முனை மழுங்கிக் கிடக்கிறது. கிழவனிடம் கூரிய பல்லை எதிர்பார்க்க முடியாது.

காற்றுக்கு வருவோம். ஈழத்துத் தமிழில் காற்றுக்குத் திசைதோறும் பெயர் உண்டு: சோளகம், வாடை, கொண்டல், கச்சான். மீன்பிடிக்கப் போகிறவரும் வயல் செய்கிறவரும் நாள்தோறும் புழங்கும் சொற்கள் இவை. தீவின் நடுவில் மலைத்திரள் ஒன்று குறுக்கே நிற்காவிட்டால் இந்தக் காற்றுகளின் குணம் இவ்வளவு வேறுபட்டிருக்காது.

மே மாதம் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்துமாக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குச் சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, முகிலாகி, கொட்டித் தீர்க்கிறது. ஆனால் அதிகம் நனைவது பிதுருதலாகலை இல்லை. சிவனொளிபாதத்தை அடுத்த வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளே முதல் அடியை வாங்குகின்றன. அங்கே ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தொடும் இடங்கள் உண்டு. நுவரெலியாவுக்கு வந்து சேரும்போது காற்றின் மடி பாதி காலி. நகரின் ஆண்டு மழை 1,900 மில்லிமீட்டர் அளவுதான். உயரமான இடத்தில்தான் மழை அதிகம் என்று பள்ளியில் பொதுவாகச் சொல்லித் தருவது இங்கே பொய்க்கிறது. உயரத்தைவிட வரிசையில் யார் முதலில் நிற்கிறார் என்பதே பெரிது.

மலையைத் தாண்டிய காற்றின் கதை இன்னும் சுவையானது. ஈரம் இழந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்குகிறது. ஏறும்போது முகில் உண்டாவதால் வெளிப்படும் வெப்பம் காற்று குளிர்வதை மந்தப்படுத்தியது. ஆயிரம் மீட்டருக்கு ஐந்தாறு பாகைதான் அது குளிர்ந்தது. இறங்கும்போது அந்தத் தடை இல்லை. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்துப் பாகை வீதம் சூடேறுகிறது. ஏறியபோது இழந்ததைவிட இறங்கும்போது கூடுதலாகச் சூட்டை வாங்கிக்கொண்டு கிழக்குப் பக்கத்து ஊவாப் பகுதியின் மலைகளைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போகிறது. மட்டக்களப்பாரும் அம்பாறையாரும் கச்சான் என்று அழைத்து முகம் சுளிக்கும் காற்று அதுதான். (கச்சான் என்றால் நிலக்கடலை என்று மட்டும் அறிந்தவர்கள் குழம்ப வேண்டாம், கடலையும் கச்சான்தான், காற்றும் கச்சான்தான்.) உலகப் புவியியல் நூல்கள் ஆல்ப்ஸ் மலையின் ‘ஃபோன்’ காற்றைச் சொல்லும் இடத்தில் இலங்கையின் கச்சானையும் அதே பெயரால் சேர்த்துக்கொள்வதுண்டு.

மட்டக்களப்பில் உதடு வெடிக்கும் அந்த வறட்சிதான் ஊவாத் தேயிலைக்கு வரம். ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் தழுவும் சரிவுகளில் கொழுந்து மெதுவாக வளர்கிறது, சாறு செறிகிறது, உலகச் சந்தையில் பெயர்பெற்ற அந்தக் கூர்மணம் அப்போதுதான் உண்டாகிறது. அதே மாதங்களில் மேற்கே டிம்புள்ளப் பக்கம் மழையில் ஊறிக் கிடக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கே ஈரத்தை இறக்கிவிட்டு மேற்கே வறண்டு வருகிறது. அப்போது டிம்புள்ளவின் முறை. ஒரே தீவில், பஸ்ஸில் சில மணி நேரத் தொலைவில், ஆண்டின் எதிரெதிர் முனைகளில் இரண்டு தேயிலைப் பருவங்கள். இரண்டுக்கும் இடையே சுவராக நிற்பது பிதுருதலாகலையிலிருந்து ஹோர்ட்டன் சமவெளி வரை நீளும் மலைமுதுகு.

பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களையும் மறக்கக் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வானம் வெளுத்திருக்கும். பிற்பகலில் முகில் திரண்டு இடி இறங்கும். இந்த இடிக்கு வரலாற்றில் ஒரு பெயர்பெற்ற பலி இருக்கிறது. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் வாங்கியவர். 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில்தான் அவரைப் புதைத்தார்கள். அந்தக் கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று ஊரில் சொல்வார்கள். அவர் காலம்வரை இந்த மலைக்காடுகளில் யானைகள் சாதாரணமாகத் திரிந்தன. இன்று நுவரெலியாவைச் சுற்றி யானையைப் பார்க்க வேண்டுமென்றால் கடைகளில் மரப்பொம்மையாகத்தான் பார்க்க வேண்டும்.

குளிரின் கணக்கு எளிது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரைப் பாகை குறையும். கொழும்பின் சராசரி 27 பாகை செல்சியஸ் என்றால் நுவரெலியாவில் 15 வர வேண்டும். உண்மையில் 16-ஐ ஒட்டி இருக்கிறது. உச்சியில் 11 அளவில் இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கில் இருப்பதால் மாதத்துக்கு மாதம் இந்தச் சராசரி பெரிதாக மாறுவதில்லை. மாறுவது பகலும் இரவும்தான். இந்த மலையில் ஒவ்வொரு பகலும் ஒரு சின்னக் கோடை, ஒவ்வோர் இரவும் ஒரு சின்னக் குளிர்காலம்.

ஆனால் உறைபனி இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஜனவரி, பெப்ரவரியில் முகிலில்லாத, காற்றில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, நீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நுவரெலியா நகரம் அப்படியொரு கிண்ணம், சுற்றிலும் மலை. ஆகவே விடியலில் குதிரைப் பந்தயத் திடலின் புல் வெள்ளை பூத்திருக்கும். மலைச்சரிவிலோ அந்த அளவுக்கு இருக்காது. மேலே போகப்போகக் குளிர் கூடும் என்ற விதியை அந்தச் சில இரவுகள் தலைகீழாக்கிவிடுகின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும் அதே காலையில், பள்ளத்துத் தோட்டங்களில் கொழுந்து கருகிக் கிடக்கும். உருளைக்கிழங்குப் பாத்தி வைத்தவருக்கும் அன்று பொழுது நன்றாக விடிவதில்லை.

பெய்த மழை எங்கே போகிறது? ஹோர்ட்டன் சமவெளி தன் நீரை மகாவலி, களனி, வளவை என்று மூன்று ஆறுகளுக்குப் பங்கிடுகிறது. பிதுருதலாகலைக்குப் பங்கிடும் வழக்கம் இல்லை. தெற்கே இறங்கும் நீர் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது. கிழக்கே இறங்குவது ஊமா ஓயாவின் பக்கம் போய், அதுவும் சுற்றிவளைத்து மகாவலியையே சேர்கிறது. 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கலப்பதற்குள் அந்த நீருக்குப் பல எசமானர்கள். தலவாக்கலையில் அணை கட்டி நீரெடுக்கும் 150 மெகாவாட் மேல்கொத்மலை மின்நிலையம், அதற்குக் கீழே கொத்மலை, பிறகு பொல்கொல்லையில் 1976 முதல் ஒரு பகுதி வட உலர்வலயத்தின் வயல்களுக்குத் திருப்பிவிடப்படுகிறது, மிச்சம் விக்டோரியா, ரந்தெனிகல அணைகளுக்கு. மேற்குக் கடலின் ஈரம் மலையில் விழுந்து கிழக்குக் கடலில் முடிகிறது என்றால், இடையில் அது எரியவைத்த விளக்குகளும் விளையவைத்த நெல்லும் கொஞ்சமில்லை.

நகருக்குள்ளேயே இந்த நீரின் முதல் சிறை இருக்கிறது. 1873-இல் ஆளுநர் வில்லியம் கிரகரி, பிதுருதலாகலையிலிருந்து வரும் தலகல ஓயாவை மறித்து, சதுப்பாகக் கிடந்த இடத்தை ஏரியாக்கினார். பின்னர் அதில் இங்கிலாந்து நினைவுக்காக டிரவுட் மீன் விட்டார்கள். 1913-இல் அதன் நீரைச் சுரங்கம் வழியாக இறக்கி பிளாக்பூல் என்னுமிடத்தில் மின்சாரம் எடுத்தார்கள். மலையின் அடியில் பெட்ரோ தோட்டத்துக்கு மேலே முப்பது மீட்டர் விழும் ‘லவர்ஸ் லீப்’ அருவியும் இதே உச்சியின் நீர்தான். காதலர் குதித்த கதை அதற்கும் உண்டு. அருவி இருக்குமிடமெல்லாம் அப்படியொரு கதை இருக்கும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

காடு. நகரிலிருந்து பார்க்கும்போது கரும்பச்சைக் கம்பளமாகத் தெரிவது முகிற்காடு. மரங்கள் குட்டையானவை. தண்டு முறுகி, தலை குடைபோல விரிந்து, இலை சிறுத்துத் தடித்திருக்கும். காற்றும் குளிரும் ஆண்டில் பல நாள் மூடிக்கிடக்கும் மூட்டமும் ஒரு மரத்தை வளரவிடுவதில்லை. ஆனால் சாகவும் விடுவதில்லை. கிளைகளெல்லாம் பாசி, அதில் பன்னம், அதில் ஆர்க்கிட். மழையே பெய்யாத நாளிலும் இந்தக் காட்டுக்குள் சொட்டும் ஓசை கேட்கும். மிதந்துபோகும் மூட்டத்தை இலைகளும் பாசியும் சீப்புபோல வாரித் துளியாக்கி மண்ணுக்கு இறக்குகின்றன. மழைமானியில் ஏறாத இந்த வரவு, வறண்ட மாதங்களில் ஓடைகளை வற்றவிடாமல் வைத்திருக்கிறது. காட்டை வெட்டினால் மழை குறையுமா என்று நெடுநாளாக வாதிடுகிறோம். முகிற்காட்டில் அந்த வாதத்துக்கே இடமில்லை. வாருகிற சீப்பை எடுத்துவிட்டால் மூட்டம் அப்படியே கடந்து போய்விடும்.

மரங்களுக்கிடையே சிவந்து பூக்கும் ரோடோடென்ரனைப் பார்த்தால் நீலகிரிக்காரர்கள் உடனே இனங்காண்பார்கள்: அவர்கள் காட்டுப்பூவரசு என்று சொல்லும் மரத்தின் உடன்பிறப்பு. இதன் பெருங்கூட்டம் இமயத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஈராயிரம் கிலோமீட்டர் வெறுமைக்குப் பின் நீலகிரி, பழனி மலைகளில் கொஞ்சம், பிறகு கடல் தாண்டி இங்கே கொஞ்சம். இடையிலுள்ள வெக்கைச் சமவெளியில் ஒன்றுகூட இல்லை. உலகம் குளிர்ந்திருந்த காலத்தில் தாழ்ந்த நிலங்களிலும் பரவியிருந்து, வெப்பம் திரும்பியபோது குளிர்ந்த உச்சிகளுக்கு ஏறித் தப்பியது என்பதே தாவரவியலாளர் பலரின் விளக்கம். குறிஞ்சியின் இனத்தவையும் இங்கே பல. சிங்களத்தில் நெலு என்கிறார்கள். நீலகிரிக் குறிஞ்சியைப்போலவே இவற்றில் சில பன்னிரண்டு ஆண்டு அளவில் காத்திருந்து, ஒன்றாகப் பூத்து, ஒன்றாகச் சாகும். விதை உதிரும் காலத்தில் இலங்கைக் காட்டுக்கோழிகள் கூட்டம் கூட்டமாக மேலேறி வந்து தின்று களிக்கும்.

பறவைகளில் ஒரு விருந்தாளியைச் சொல்லியாக வேண்டும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சின்னஞ்சிறு பறவை கோடையில் காஷ்மீரப் பள்ளத்தாக்கில் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்துக்கு நீலகிரியையும் இலங்கை மலைநாட்டையும் தேடி வரும். நுவரெலியா நகரின் நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவிலேயே அதைப் பார்க்கலாம். அதற்கென்றே தொலைநோக்கி மாட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பூங்காவுக்கு வெளியே சோளம் விற்பவருக்கு இந்தக் கூட்டம் ஏன் மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பது புதிர்.

விலங்குகள் குளிருக்குத் தக்கபடி சட்டை மாற்றிக்கொண்டிருக்கின்றன. தாழ்நிலத்திலும் வாழும் ஊதாமுக மந்தியின் மலைநாட்டு வகைக்கு மயிர் நீண்டு அடர்ந்திருக்கும். கரடிக் குரங்கு என்று ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள். மலைநாட்டுத் தேவாங்குக்கும் தடித்த கம்பளி. 1937-க்குப் பின் அபூர்வமாகவே கண்ணில் பட்டு, அற்றுப்போனதாகவே கருதப்பட்ட அதன் படம் 2010-இல் வெளியாகி உலகச் செய்தியானது. அது ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துச் செய்தி. மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று உண்டு, இலங்கையின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. இன்னொரு குட்டை ஓணான் முட்டையிடுவதில்லை, குட்டியாகவே ஈனும். குளிர்ந்த மண்ணில் முட்டை பொரியாது என்பதால் தாய் தன் உடலையே வெயிலில் காயவைத்து அடைகாக்கிறது என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். புலியும் சிங்கமும் இல்லாத தீவில் உச்சி வேட்டைக்காரன் சிறுத்தை. அது காட்டோடு நிற்பதில்லை, தேயிலைக்குள்ளும் நடமாடும். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டி இறந்துபோவதும் நடக்கிறது.

இவற்றில் எனக்கு வியப்பு மாறாதது தவளைகள்தான். இலங்கையின் புதர்த்தவளைகளில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈர மண்ணிலோ இலையிலோ முட்டையிட, முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் முடிந்து, குட்டித் தவளையாக வெளியே குதிக்கும். குளம் வேண்டாம், குட்டை வேண்டாம். காற்று எப்போதும் ஈரமாக இருந்தால் போதும். அந்த ஈரம்தான் அவற்றின் வரமும் சிறையும். பனியுகங்களில் கடல் தாழ்ந்தபோது பாக்கு நீரிணை பலமுறை தரையாகக் கிடந்தது. இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்குத் தவளை என்ன, யானையே நடந்து வரலாம். அப்படியானால் இரு கரைத் தவளைகளும் கலந்திருக்க வேண்டும். 2004-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த மரபணு ஆய்வு வேறு விடை தந்தது: இலங்கையின் தவளைகள், நண்டுகள், மீன்கள் முதலியவற்றில் பல குலங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் உறவினரிடமிருந்து நெடுங்காலம் தனித்தே வளர்ந்திருக்கின்றன. பாலம் இருந்தும் கடக்கவில்லை. வழியில் கிடந்த உலர்ந்த, சுடும் தாழ்நிலம் அவற்றுக்குக் கடலைவிடப் பெரிய கடல். இலங்கை ஒரு தீவு. மலைநாடு அதற்குள் ஒரு தீவு. பிதுருதலாகலையின் முகிற்காடு அதற்குள்ளும் ஒரு தீவு.

அந்தத் தீவின் கரை எங்கே என்று கேட்டால், தேயிலை தொடங்கும் இடம். 1819-இல் ஜோன் டேவி என்ற இராணுவ மருத்துவர் வந்து பார்த்தபோது நுவரெலியா மனிதர் குடியிருக்காத மேட்டுநிலம். பத்தாண்டுக்குள் நோயுற்ற வெள்ளையர் உடல் தேற்றும் இடமாயிற்று. கோப்பித் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் ஏறின. 1869-இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்க்க, 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காட்டை வெட்டியவர்கள், குழி பறித்தவர்கள், பாதை போட்டவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள் எல்லோரும் மதுரை, திருச்சி, சேலம், தஞ்சைப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் எத்தனை பேர் வழியிலேயே விழுந்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கு எழுதப்படவில்லை. நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அவர்களின் வழிவந்தவர்கள் என்று 2012 குடிசன மதிப்பீடு சொன்னது. தீவின் உச்சியைச் சுற்றி வாழும் பேச்சு பெருமளவுக்குத் தமிழ்தான். ஆனால் அவர்களில் பலர் இருக்கும் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின், காணி இன்னும் அவர்கள் பெயரில் இல்லை.

காடு எப்படித் தப்பியது? 1873-இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையைக் கேட்டு, 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை வெட்டக் கொடுப்பதில்லை என்று குடியேற்ற அரசு முடிவெடுத்தது. முழுதும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. நுவரெலியாவைச் சுற்றி அதற்கு மேலும் தேயிலை ஏறியிருக்கிறது. மரக்கறித் தோட்டங்கள் ஏறியிருக்கின்றன. யூகலிப்டசும் சைப்பிரசும் நட்ட பரப்புகள் தூரத்திலிருந்து காடுபோலவே ஏமாற்றும். சரிவில் கரட்டும் லீக்சும் போடுகிறவர் மழைக்கு மண்ணைக் கொடுக்கிறார். அந்த மண் மகாவலி அணைகளில் படிகிறது. மலைச்சரிவை அளவுக்கு மீறிச் சீண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஒக்டோபர் 29-இல் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவு சாட்சி. அது மலைத்திரளின் தெற்கு விளிம்பு. நில அமைப்பு இதே படிக்கட்டுதான்.

2010-இல் இலங்கையின் மத்திய மலைநாட்டை யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. சிவனொளிபாதக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் பட்டியலில் உள்ளன. பிதுருதலாகலை இல்லை. மரபுரிமைப் பட்டம் கிடைக்காத அந்த மலைக்கு வேறொரு காவல் வாய்த்தது, தொலைக்காட்சி வடிவில்.

1982 பெப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பிரதான அலைபரப்பியைப் பிதுருதலாகலை உச்சியில்தான் வைத்தார்கள். அலை நேர்கோட்டில் போகிறது; பூமி வளைகிறது; ஆகவே எவ்வளவு உயரத்தில் நிற்கிறோமோ அவ்வளவு தூரம் அலை எட்டும். 2,524 மீட்டரிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வடக்கே கொக்காவிலிலும் ஒரு கோபுரம் நின்றது. எண்பதுகளில் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் மூங்கில் கம்பத்தில் அலைவாங்கியைக் கட்டி, ‘பூஸ்டர்’ வைத்து ரூபவாஹினி பார்த்தவர்கள் பலர் இன்றும் இருப்பார்கள். அடிவானத்துக்கு அப்பாலும் படம் வந்ததற்குக் காரணம் வளிமண்டலம். கடல்மேல் படியும் ஈரக்காற்றின் அடுக்கு சில மாலைகளில் அலையை வளைத்துக் குழாயில் விட்டதுபோல அக்கரைக்குக் கொண்டுபோய்விடும். பருவம் மாறினால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும். தென் தமிழகத்தில் எத்தனையோ பேர் பெயர் தெரியாமலே பிதுருதலாகலையோடு பழகியிருக்கிறார்கள்.

போர் தொடங்கியதும் உச்சி உயர் பாதுகாப்பு வலயமானது. கோபுரங்களோடு ராடாரும் சேர்ந்தது. நாட்டின் உயர்ந்த மலையில் ஏறக்கூடாது என்ற விசித்திரமான நிலை பல ஆண்டு நீடித்தது. இப்போது வாகனத்தில் போய்ப் பார்த்துவரலாம். காட்டு வழியே நடந்து ஏற அனுமதி இல்லை. மலையேறிகளுக்கு இது குறைதான். தவளைக்கும் ஓணானுக்கும் அது குறையாகத் தெரிந்திருக்காது. சிவனொளிபாதத்தின் படிகளில் பருவந்தோறும் குவியும் பிளாஸ்டிக்கைப் பார்த்தவர்கள், பக்தியைவிடப் பாதுகாப்பு அமைச்சு காட்டுக்கு உகந்தது போலிருக்கிறதே என்று முணுமுணுத்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் தடைச்சாவடியில் அடையாள அட்டை காட்டாமல் மேலேறும் ஒன்று இருக்கிறது. முன்பு சொன்ன ஆறரைப் பாகைக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். வெப்பம் ஒரு பாகை கூடினால், பழைய குளிரை விட்டுவிடாதிருக்க ஓர் உயிர் ஏறத்தாழ 150 மீட்டர் மேலேற வேண்டும். நகரத்து விளிம்பில், 1,900 மீட்டரில் இருக்கும் புதர்த்தவளைக்கு ஏற இடம் இருக்கிறது. 2,400 மீட்டரில் இருப்பதற்கு ஒரு பாகைக்குக்கூட இடமில்லை. அதற்கு மேல் இருப்பவை அலைபரப்புக் கோபுரங்கள்.